பச்சோந்தியும் நானும்

எங்கள் விடுதியில் தேர்தல் வந்துவிட்டால் ஒரு பிராணிக்கு ஓய்வே இராது. நரியையும் ஓநாயையும் மேடைக்கு இழுப்பவர்கள் சிலர்தாம். பச்சோந்தியை இழுக்காதவர் எவருமில்லை. முதல் நாள் ஓர் அணியில் தேநீர் குடித்துவிட்டு மறுநாள் மற்றோர் அணியில் வடை தின்றவனுக்குப் பச்சோந்தி என்று பெயர். வாக்குக் கேட்கும்போது தோளில் கைபோட்டு, வாக்குப் பெற்றபின் வராந்தாவில் கண்டும் காணாமல் போகிறவனுக்கும் அதே பெயர். அண்மையில் நடந்த தேர்தலில் நண்பர் ஒருவர் அந்தப் பட்டத்தை எனக்கும் சூட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், அல்லது கோபப்பட்டிருக்கலாம். இரண்டும் வரவில்லை. வெட்கந்தான் வந்தது. அதற்கும் தேர்தலுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. உண்மையான பச்சோந்தி ஒன்றுக்கு நான் செய்த தீங்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் இருக்கிறது. கேரளம் என்றதும் நண்பர்கள் மனத்தில் தென்னையும் காயலும் ஓடமும் ஓயாத மழையும் தோன்றும். எங்கள் ஊருக்கு அந்தப் படம் பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அதன் வாசற்படியில் நாங்கள் குடியிருக்கிறோம். காற்று உண்டு, மழை குறைவு. வரப்புத்தோறும் பனை. தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. வீட்டில் தமிழ், அரசாங்க அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. எல்லைக்கு இப்பால் ஓந்தி என்பதை அப்பால் ஓந்து என்பார்கள். பச்சை ஓந்திதானே பச்சோந்தி! பெயரில் இவ்வளவு நெருங்கியிருக்கும் இரு மொழியாரும் அந்தப் பிராணியைக் கண்டால் கல்லெடுப்பதிலும் நெருக்கமாகவே இருந்து வந்திருக்கிறோம்.

நானும் கல்லெடுத்தவன்தான். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் வேற்றுமை தெரியாத வயது அது. ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணானைப் பிடிப்பது, அதன் வாயில் மூக்குப்பொடி திணிப்பது, அது தள்ளாடுவதைப் பார்த்துக் கைகொட்டுவது — இவை எங்களுக்கு விளையாட்டு. பாவம் அல்லவா என்று யாராவது கேட்டால் விடை தயாராக இருக்கும். இராமர் தாகத்தால் வாடியபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணான் அதன் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே ஓணானை அடிப்பது புண்ணியமாம்! இராமாயணத்தின் எந்தக் காண்டத்தில் இது இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பச்சோந்தியை மட்டும் அடிப்பதற்கு அஞ்சுவோம். “தொடாதே கண்ணு, முழுக்க விஷம்” என்று என் அம்மாயி சொல்லியிருந்தாள். உண்மையில் அதற்கு விஷமே இல்லை. பல்லில் இல்லை, தோலில் இல்லை, மூச்சில் இல்லை. ஆயினும் அந்தப் பொய் ஒரு வகையில் நன்மை செய்தது. சிறுவர்கள் எட்ட நின்றார்கள். பெரியவர்கள்தாம் தடியெடுத்தார்கள்.

பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் எனக்குக் காமிராப் பைத்தியம் பிடித்தது. உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அண்ணனிடம் கடன் வாங்கி, பழைய காமிரா ஒன்றும் சிறு பொருள்களை அருகிலிருந்து எடுக்கும் வில்லை ஒன்றும் வாங்கினேன். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் ஒரு பச்சோந்தியைக் கண்டேன்.

அன்றுதான் அதை முதன்முதலாக நின்று பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாலோடு சேர்த்து ஓரடிக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். தலையில் ஒரு முடிச்சாக்கு. ஐந்து விரல்களும் நம்முடையவைபோல் விரிந்திருக்கவில்லை. முன்காலில் உட்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு; பின்காலில் உட்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று; இப்படிக் கட்டுக் கட்டாகப் பிணைந்து குறடுபோலக் கிளையைப் பற்றியிருந்தன. வாலும் ஒரு கையாக வேலை செய்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றொரு கண் அதே சமயத்தில் பின்னால் பறந்த பூச்சியைப் பார்த்தது. ஓரடி எடுத்து வைக்கும், உடனே பின்னுக்கு ஆடும், மறுபடி முன்னுக்கு. காற்றில் அசையும் இலையைப் போல அது நடந்தது. பிறகு, நான் எதிர்பாராத கணத்தில், ஏதோ ஒன்று மின்னியது. பூச்சியைக் காணோம். உடம்பின் நீளத்தையும் மிஞ்சும் நாக்கு வெளியே போய்த் திரும்பிவிட்டது!

இத்தனை அற்புதத்தைக் கண்ணாரக் கண்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் காமிராவின் வழியே பார்த்தபோது எனக்குக் குறைதான் தெரிந்தது. பச்சை இலையில் பச்சைப் பிராணி. பின்னால் முள்ளும் குப்பையும். போட்டிக்கு அனுப்பினால் யார் பார்ப்பார்கள்? பச்சோந்திகளைக் காக்க வேண்டும் என்று ஊருக்கு உணர்த்தப் போகிறேன் என்ற நல்ல நோக்கமும் எனக்கு இருந்தது. நல்ல நோக்கம் இருக்கும்போது சிறு தவறுகளை மனம் எளிதாக மன்னித்துவிடுகிறது.

ஒரு குச்சியை நீட்டி அதை வேலியிலிருந்து பெயர்த்தேன். கொண்டுபோய் வீட்டு முற்றத்து அரளிச் செடியில், பூங்கொத்துக்குப் பக்கத்தில் விட்டேன். அது இறங்க முயன்றது, மறுபடி ஏற்றினேன். முகத்தருகே காமிராவைக் கொண்டுபோனேன், மின்விளக்கை அடித்தேன். உடம்பை உப்பவைத்து வாயைப் பிளந்து சீறியது. அப்பொழுதுதான் நான் காத்திருந்தது நிகழ்ந்தது. ஒரே பச்சையாக இருந்த உடம்பில் கரும்புள்ளிகள் தோன்றின, பக்கவாட்டில் மஞ்சள் திட்டுகள் எழுந்தன, கோடுகள் படர்ந்தன. என்ன வண்ணம்! ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இருநூறு படங்கள் எடுத்தேன். முடிந்தபின் அதை வேலியருகே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏறியதா, என்ன ஆயிற்று என்று நின்று பார்க்கவில்லை.

அந்தப் படங்களில் ஒன்று எங்கள் மன்றத்தின் கண்காட்சியில் முதற் பரிசு பெற்றது. இளஞ்சிவப்புப் பூவின் அருகே வாய் பிளந்து, புள்ளியும் கோடுமாக ஒளிர்ந்த பச்சோந்தி. “இயற்கையின் ஓவியம்” என்று அதற்குப் பெயரிட்டேன். கீழே ‘பச்சோந்திகளைக் காப்போம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். சமூக வலைத்தளத்திலும் போட்டேன், எங்கள் ஊரின் பெயரோடும் தோட்டம் இருக்கும் சாலையின் பெயரோடும். பாராட்டு குவிந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

புகழுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முறை சுவைத்தவன் அடுத்த வேளைக்கும் இலை போட்டுவிடுவான். ஐப்பசி விடுமுறையில் இன்னும் நல்ல படங்கள் தேடிச் சின்னாறுக்குப் புறப்பட்டேன்.

சின்னாறு இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போகிறவன் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மறுபடி கேரளத்திற்குள் ஏறுவது ஒரு வேடிக்கை. உடுமலையில் மூணாறு பேருந்தில் ஏறினால், ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்து காட்டு வழியே போய், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சின்னாறு வரும். 1984-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு ஏறத்தாழ 90 சதுரக் கிலோமீட்டர். மலைக்கு அந்தப்புறம் மூணாறில் மழை கொட்டித் தீர்க்கும். ஆனைமுடியும் அதன் உடன்பிறந்த சிகரங்களும் மேகத்தை மறித்துக்கொள்வதால் இந்தப்புறம் சின்னாறில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதனால் முட்காடும் கள்ளியும் பாறையுமாகக் கிடக்கிறது. சாம்பல்நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் இருப்பதற்காக அந்தக் காடு பெயர் பெற்றது. பாம்பாறும் சின்னாறும் அங்கே கூடி, அமராவதியாகித் தமிழ்நாட்டிற்குள் இறங்கிக் காவிரியைத் தேடிப் போகின்றன. எங்கள் கிளுவை வேலிக்கும் இந்த முட்காட்டுக்கும் இடையே நெடுந்தொலைவு. ஆயினும் வெயில் ஒன்று, முள் ஒன்று. பச்சோந்திக்கு அது போதும்.

சரணாலயத்தில் வழிகாட்டி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. என்னுடன் வந்தவர் அங்குள்ள மலைக்குடி ஒன்றைச் சேர்ந்த காவலர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தமிழிலேயே பேசினார். ஆற்றங்கரையில் ஒரு மருத மரத்தின் கீழ் உட்கார்ந்து இளைப்பாறியபோது நான் பெருமையோடு கைப்பேசியை எடுத்துப் பரிசு பெற்ற படத்தைக் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினார், பூவைப் பார்த்தார், பிராணியைப் பார்த்தார்.

“இது எங்கே தம்பி இருந்துச்சு?”

“எங்க வீட்டு முற்றத்தில், அண்ணா.”

“அரளியிலயா?”

நான் பதில் சொல்லவில்லை.

“அரளிக்கு அதுவா வந்திருக்காது. யாரு கொண்டாந்து வெச்சது?”

“நான்தான்” என்றேன்.

“அதான் பாத்தேன். இந்த நெறத்துக்கு வந்துருச்சுன்னா அதுக்கு உசிர்ப் பயம். பொம்பள புள்ளயை நாலு பேரு சுத்தி நின்னு மெரட்டுனா முகம் எப்படி இருக்கும், அப்படி. நாங்க இந்த நெறத்தைப் பாத்தா ரெண்டடி பின்னால போயிருவோம்.”

அவர் குரலில் கடுமை இல்லை. கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலையைத் துடைத்து மடிக்கத் தொடங்கினார். நான் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ‘இயற்கையின் ஓவியம்’! எத்தனையோ பேர் நின்று பார்த்தார்கள். விலங்கியல் படிக்கும் நண்பர்களும் பார்த்தார்கள். அஞ்சி நடுங்கும் ஒரு முகத்தை அத்தனை பேரும் அழகு என்று எண்ணிப் பாராட்டினோம்.

திரும்பி வந்தபின் நூலகத்தில் தேடிப் படித்ததில், அவர் மருத மரத்தடியில் சொன்னதையே ஆராய்ச்சியாளரும் வேறு மொழியில் சொல்லக் கண்டேன். இருக்கும் இடத்திற்கு ஏற்பப் பச்சோந்தி நிறம் மாற்றிக்கொள்கிறது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். சிவப்புத் துணியில் விட்டால் சிவக்கும், நீலத் துணியில் விட்டால் நீலமாகும் என்று நம்புகிறோம். அது பெரும்பாலும் கட்டுக்கதை. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப நிறம் மாறும், மற்றொரு பச்சோந்தியைக் கண்டால் மாறும், சினத்தில் மாறும், அச்சத்தில் மாறும். இரவில் உறங்கும்போது வெளிறிவிடும். சுவிட்சர்லாந்திலுள்ள ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கரின் பச்சோந்தி இனம் ஒன்றை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் இதன் இரகசியத்தை வெளியிட்டார்கள். தோலின் உயிரணுக்களுக்குள்ளே நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலில் உள்ள மஞ்சளோடு அது சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்கள் விலகுகின்றன. மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. கருமை மட்டும் வேறு ஒரு நிறப்பொருள் பரவுவதால் வருவது. சுருங்கச் சொன்னால், மனிதர்களில் இரண்டகம் செய்பவனைப் பச்சோந்தி என்கிறோமே, அதைவிட அநியாயமான உவமை தமிழில் இல்லை. உள்ளத்தில் உள்ளதை உடம்பு முழுவதும் எழுதிக் காட்டும் பிராணி அது. படிக்கத் தெரியாதவர்கள் நாம்.

சின்னாறுக்கு வருவோம். அன்று பிற்பகல் சோதனைச் சாவடிக்குத் திரும்பும்போது சாலையோரத்தில் காவலர் சட்டென்று நின்றார். கையை நீட்டி என்னையும் நிறுத்தினார். முந்திய இரவு மழை பெய்து மண் இளகியிருந்தது. எதிர்ப்புறப் புதரிலிருந்து ஒரு பச்சோந்தி இறங்கித் தார்ச்சாலையில் கால் வைத்திருந்தது. வயிறு பருத்திருந்தது.

“முட்டையிட எடம் தேடுது” என்றார் மெதுவாக.

மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் பிராணி என்று நினைத்திருந்தேன். பிறப்பது மண்ணிலே. தாய் மரத்தை விட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி, பத்து இருபது முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டு மறுபடி ஏறிவிடும். முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து பொரிக்கும். வாழ்நாளில் அதற்கு மிகுந்த ஆபத்தான பயணம் இந்தச் சில கஜ தூரந்தான். கிளையில் அதைக் காப்பாற்றுகிற அந்த ஆடி ஆடி நடக்கும் நடை, தார்ச்சாலையில் அதன் எமன்.

உடுமலைப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. காவலர் சாலையின் நடுவே போய் நின்று கையை உயர்த்தினார். கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பேருந்தும் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த ஓசை பச்சோந்திக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது. அதற்குக் காதுத் துளையே இல்லை. ஆனால் வண்டிகளின் அதிர்வு மண் வழியாக எட்டியிருக்க வேண்டும். பச்சை உடம்பில் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முற்றத்து அரளியில் நான் கண்டு மகிழ்ந்த அதே புள்ளிகள்!

காரிலிருந்த இளைஞர் ஒருவர் இறங்கிவந்து, “தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடலாமே” என்றார். அவர் கையில் கைப்பேசி தயாராக இருந்தது.

“வேண்டாங்க. தொட்டா மெரண்டு வந்த வழியே திரும்பிரும். அதுக்குப் போற எடம் தெரியும். நமக்குத்தான் அவசரம்” என்றார் காவலர்.

இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார். பேருந்து ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் அது ஓரடி வைத்தது, ஆடியது, மறுபடி ஓரடி வைத்தது. புள்ளிகள் மெல்ல மெல்ல மங்கின. நான் சாலையோரத்திலேயே உட்கார்ந்து, இருந்த இடத்திலிருந்து, மின்விளக்கு இல்லாமல் படம் எடுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்தப்புறத்து மண்ணில் இறங்கிப் புல்லுக்குள் மறைந்ததும் காவலர் விலகி நின்று, ஓட்டுநரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வண்டிகள் கிளம்பின.

அந்தப் படம் போட்டிக்கு உதவாது. பாதிப் படத்தைத் தாரே அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் தெளிவில்லாமல் ஒரு டயர். ஓரத்தில் காவலரின் தேய்ந்த ரப்பர்ச் செருப்பு. நடுவில் சுண்டுவிரல் அளவில் ஒரு பச்சைப் பிராணி. ஆனால் அதில் பொய் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் கிளுவை வேலிக்குப் போனேன். காலையிலும் மாலையிலும் மூன்று நாள் தேடினேன். காணவில்லை. அம்மாயியிடம் கேட்டேன்.

“நீ பட்டணம் போன பின்னால ரெண்டு பேரு கார்ல வந்தாங்க கண்ணு. உன்ற படத்தைச் செல்போன்ல காட்டி, இந்த வேலி எங்கேன்னு கேட்டாங்க. உன்ற சிநேகிதர்னு நெனைச்சுக் காட்டி உட்டேன். ஏன், உன்ற சிநேகிதர் இல்லையா?”

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைப் போலப் படம் எடுக்க வந்தவர்களாக இருக்கலாம். பிடித்து விற்பவர்களாகவும் இருக்கலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். நாடு விட்டு நாடு கடத்தாமல் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்திலும் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் தோட்டத்து வழியைக் காட்டியது சட்டமன்று. நான் போட்ட படம். ‘பச்சோந்திகளைக் காப்போம்’ என்று அதற்கு அடியில்தான் எழுதியிருந்தது.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில். இந்தியாவுக்கு வாய்த்தது ஒரே ஓர் இனம். 1768-இல் லாரென்டி என்ற ஆஸ்திரிய அறிஞர் அதற்கு இலங்கையின் பெயரைச் சேர்த்து விஞ்ஞானப் பெயரிட்டார். இலங்கையிலும் இந்தியாவிலும் பாக்கிஸ்தானின் தென்பகுதியிலும் அது வாழ்கிறது. உலக அளவில் அழிவு நெருங்கிய இனங்களின் பட்டியலில் அது இல்லை. கவலை குறைந்த இனம் என்றே குறித்திருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டால், அந்த வேலியின் பச்சோந்திக்கு உலகப் பட்டியலால் என்ன பயன்? எங்கள் வட்டாரத்தில் உயிர்வேலிகள் ஒவ்வொன்றாகக் கம்பிக்கு இடங்கொடுத்து வருகின்றன. வேலியோடு போவது எது என்று கணக்கெடுப்பவர் யாருமில்லை.

பல்கலைக்கழகம் திரும்பியதும் மன்ற அறையில் தொங்கிய என் படத்தைக் கழற்றினேன். செயலாளர் திகைத்தார். “பரிசு பெற்ற படம் ஐயா!” என்றார். காரணத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் கழற்றாதே, பக்கத்தில் அந்தச் சாலைப் படத்தையும் மாட்டு, இரண்டின் கதையையும் எழுதி வை” என்றார். என்னைவிட அவர் அறிவாளி. அப்படியே செய்தேன். ‘இயற்கையின் ஓவியம்’ என்ற பெயரை அடித்துவிட்டு, ‘அச்சம்’ என்று எழுதினேன். இடத்தின் பெயரை எங்கும் குறிக்கவில்லை. வலைத்தளத்தில் போட்டிருந்ததையும் நீக்கிவிட்டேன். ஆனால் அது எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, அதை நீக்க எனக்கு வழியில்லை.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அந்த இரு படங்களையும் காட்டிப் பேசினேன். அழகான படத்திற்குச் சிறுவர்கள் கூச்சலிட்டார்கள். சாலைப் படத்திற்கு முதலில் ஓசையே இல்லை. பிறகு ஒரு சிறுவன் எழுந்து, “அந்தச் செருப்பு யாருது?” என்று கேட்டான். சொன்னேன். “பஸ்ஸை நிறுத்திட்டாரா? ஓந்திக்காகவா?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. ஓர் ஓந்திக்காகப் பேருந்தை நிறுத்தும் மனிதர் இருக்கிறார் என்பதை அவர்கள் அதற்குமுன் கேட்டதில்லை. நிறம் மாறும் விந்தையைவிட அந்தத் தேய்ந்த செருப்பே அவர்கள் மனத்தில் பதிந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் கையிலிருந்து கல் விழுந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சால் விழக்கூடிய கல் அன்று அது.

குறுந்தொகையில் ஒரு பாலைப் பாட்டு உண்டு. வறண்ட வழியில் செல்லும் மக்கள் ஓதி இருக்கும் நிலையைக் கண்டு நிமித்தம் பார்ப்பதாக அதில் வருகிறது. ஓதி என்பதும் ஓந்திதான். வழிப்போக்கன் நின்று, பார்த்து, பிறகே மேலே நடந்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோருக்கு இருந்த அந்தப் பொறுமை, காமிராவைக் கையில் வைத்திருக்கும் நமக்கு வேண்டாமா?

நம் மன்றத்தில் படம் எடுக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை கூற எனக்குத் தகுதியில்லை. தவறு செய்தவன் என்ற முறையில் சிலவற்றை வேண்டிக்கொள்கிறேன். இருந்த கிளையிலேயே எடுங்கள். பூ இல்லாவிட்டால் பூ வேண்டாம். கரும்புள்ளி எழுந்தால் பின்னுக்குப் போங்கள்; மங்கும்வரை காத்திருங்கள்; மங்காவிட்டால் வீட்டுக்குப் போங்கள். இரவில் வெளிறி உறங்குவதை விளக்கடித்து எழுப்பாதீர்கள். நாக்கை நீட்ட வேண்டும் என்பதற்காகப் பூச்சியைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். ஊர்ப் பெயரும் சாலைப் பெயரும் உங்களோடு இருக்கட்டும்.

சென்ற வாரம் அம்மாயி தொலைபேசியில் பேசினாள். கிளுவை வேலியில் சிறியதாக ஒன்று தெரிகிறதாம்; விரல் நீளம்கூட இல்லையாம். குஞ்சாக இருக்கலாம். பழைய பச்சோந்தியின் குஞ்சுதானா என்று யாரால் சொல்ல முடியும்? “படம் எடுக்க எப்போ வர்றே?” என்று கேட்டாள்.

“அது என்ன நிறத்தில் இருக்கு அம்மாயி?” என்றேன்.

“பச்சையாத்தான் இருக்குது கண்ணு.”

“அப்படியே இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால், தெரியாதுன்னு சொல்லிவிடுங்க.”

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “சரி கண்ணு, சொல்லிப் போடறேன்” என்றாள்.